மிஷினுக்கு ரெஸ்ட் கொடுக்கிற மகராசன்களே!

ரொம்ப நாளா வயித்துக்குள்ளயே வச்சிருந்த கடுப்பு இது. இன்னைக்குக் கொட்டிடறேன்.

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒரு பழைய கறுப்புத் தையல் மிஷின். மேல பூ வேலை செஞ்ச துணி, அது மேல பிளாஸ்டிக் ரோஜா ஜாடி, கரண்ட் பில், மாத்திரை டப்பா, வைஃபை பெட்டி. "அம்மாவோடதுங்க. இப்பல்லாம் தைக்க விடறதில்ல. ரெஸ்ட் கொடுத்துட்டோம்"னு பெருமையாச் சொன்னார். ரெஸ்ட் அம்மாவுக்கா மிஷினுக்கான்னு கேட்டேன். ரெண்டுக்கும்தான்னார். துணியை விலக்கிட்டு வீலைக் கையால சுத்திப் பாத்தேன். அசையல. அம்மிக்கல்லு மாதிரி நிக்குது.

அவரைத் திட்டற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆனாலும் திட்டத்தான் போறேன் :-)

மக்களே, ஓடி ஓடிக் கெட்டுப்போன வீட்டுத் தையல் மிஷினை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பாத்ததெல்லாம் சும்மா நின்னு கெட்டதுதான். மதுரைக்காரங்களுக்குப் புதுமண்டபம் ஞாபகம் இருக்கும். கல்தூணுக்கு நடுவுல வரிசையா டெய்லர்கள், விடிஞ்சா ஆரம்பிச்சு விளக்கு வைக்கிற வரைக்கும் சடசடன்னு சத்தம். (அந்தக் கடைகள்லாம் இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியாச்சு.) அங்க ஓடினதுல பாதி, அவங்க அப்பா காலத்து மிஷின். வருஷக்கணக்கா மூச்சு விடாம ஓடுச்சு. அதே மாதிரி மிஷின் நம்ம வீட்டுல, ஏசி ரூம்ல, துணி போர்த்திப் பத்திரமா இருந்து அஞ்சு வருஷத்துல செத்துப்போகுது. ஏன்?

மாயமந்திரம் ஒண்ணும் இல்லீங்க. மிஷினோட தலைக்குள்ள இருக்கிறது எல்லாம் இரும்பு மேல இரும்பு உரசுற வேலை. நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம்தான் காப்பாத்துது. மிஷின் ஓடும்போது அந்த எண்ணெய் இடுக்கெல்லாம் பரவும், பழசு வெளிய வரும், நாம புதுசு விடுவோம். நின்னுபோச்சுன்னா எண்ணெய் வடிஞ்சது போக மிச்சம் அப்படியே காஞ்சு, தூசியையும் நூல் பஞ்சையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் பிசின் மாதிரி ஆயிடும். அந்தப் பிசின்தான் வீலைப் பிடிக்குது. தேய்மானமும் இல்ல, உடைசலும் இல்ல. வெறும் அழுக்கு!

இதுல நம்மாளுங்க பண்ற பெரிய பாவம் ஒண்ணு இருக்கு. தேங்காய் எண்ணெய். "நம்ம தலைக்கே தேய்க்கிறோம், மிஷின் தலைக்குத் தேய்ச்சா என்ன"ன்னு ஒரு பெரிசு என்கிட்டயே சொல்லியிருக்கார். ஐயா, மார்கழி மாசம் காலைல உங்க வீட்டு எண்ணெய் பாட்டில் என்ன ஆகுதுன்னு பாத்திருக்கீங்களா? 24 டிகிரிக்குக் கீழ போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிச்சுடும். பாட்டில்ல உறையறது மிஷினுக்குள்ள மட்டும் உறையாம இருக்குமா? "பனிக்காலத்துல மிஷின் கனமா மிதிக்குது, எனக்கு மூட்டுவலி ஜாஸ்தியாயிடுச்சு போல"ன்னு எத்தனை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கேன். வலி மூட்டுல இல்லம்மா, எண்ணெய்ல இருக்கு. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் கதையும் அதேதான், நாள்பட்டா பிசுபிசுன்னு பசையாயிடும். வண்டிக்கு விடற ஆயில் ரொம்ப கெட்டி. தையல் மிஷின் ஆயில்னே தனியா, தண்ணி மாதிரி தெளிவா, மெல்லிசா சின்ன டப்பால விக்கிறான். ஒரு டப்பா ஒரு வருஷத்துக்கு வரும். இதுல போயி மிச்சம் பிடிக்கணுமா?

அடுத்தது நம்ம பக்தி. வருஷம் பூரா திரும்பிப் பாக்கறதில்ல. ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் ஈரத்துணியால துடைச்சு, சந்தனத்தைக் குழைச்சு அப்பி, குங்குமம் வச்சு, மாலை போட்டு, சூடம் காட்டி... அந்தச் சந்தனத்தண்ணி எண்ணெய் விடற ஓட்டைக்குள்ளயே வழியும். அப்புறம் அடுத்த ஆயுத பூஜைதான். சாமி கும்பிட வேணாம்னு சொல்லல. கும்பிட்டு முடிச்சு, காஞ்ச துணியால துடைச்சு, எண்ணெய் விட்டு, ஒரு தலையணை உறை தைச்சீங்கன்னா சரஸ்வதி கோவிச்சுக்கவா போறா?

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் இன்னொண்ணு. நாள் முழுக்க மிஷின்ல உக்காந்து மிதிக்கிறது அம்மா, அக்கா, பொண்டாட்டி. ஆனா ஸ்க்ரூ டிரைவர் மட்டும் ஆம்பளைங்க கையில. "நீ தொடாத, கெடுத்துடுவ, மெக்கானிக் வரட்டும்." மெக்கானிக் வர்ற வரைக்கும் ரெண்டு வாரம் மிஷின் சும்மா நிக்கும். வந்தவர் பண்றது என்ன? பல்லுக்கு மேல இருக்கிற தகட்டைக் கழட்டிப் பஞ்சை எடுத்துட்டு, நாலு சொட்டு எண்ணெய் விட்டுட்டு, ஊசி மாத்திட்டுக் காசு வாங்கிட்டுப் போவார். அவரைக் குத்தம் சொல்லல, அவர் பொழப்பு. இந்த மூணையும் வீட்டுல பண்ண முடியாதுன்னு நம்ப வச்சிருக்கோம் பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

நம்ம ஆளுங்க பாதிப்பேர் கம்ப்யூட்டர் தட்டறவங்க. காரை மட்டும் கிலோமீட்டர் கணக்குப் பாத்து சர்வீஸ் விடறீங்கள்ல? இதுக்கு வாரத்துல கால் மணி நேரம் போதும். மிஷின் தலையைப் பின்னாடி சாய்ச்சா, அடியில எதெல்லாம் அசையுதோ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அசையற ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு. மேல ஓட்டைகள் இருக்கும், அதுல ஒவ்வொரு சொட்டு. ஷட்டில் ஓடற தடத்துல ஒண்ணு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான், அபிஷேகம் பண்ணக்கூடாது. அப்புறம் நூல் இல்லாம ரெண்டு நிமிஷம் மிதிச்சு, பழைய துணியில நாலு தையல் ஓட்டினா மிச்ச எண்ணெய் அதுல இறங்கிடும். நாள் முழுக்க ஓடற மிஷினுக்கு தினமும் எண்ணெய் விடச்சொல்லித்தான் சிங்கர் மிஷின்களோட பழைய கையேடுகள்லயே இருக்கு. எப்பவாவது தைக்கிறவங்களுக்கு வாரம் ஒருதடவை தாராளம். தைக்க ஒண்ணும் இல்லாட்டியும் ஒரு கிழிசலையாவது எடுத்துப் போட்டு மிதிங்க. எண்ணெய் பரவறதுக்கு அதுதான் வழி.

தோல் பெல்ட்டுல மட்டும் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். பெல்ட் தொளதொளன்னு ஆயிட்டா, அரை இஞ்ச் வெட்டிட்டுக் கம்பியைத் திரும்ப மாட்டுங்க. புதுசு வாங்க ஓடாதீங்க.

ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை. உடையற வரைக்கும் ஊசி மாத்தாத வீடுகள் இருக்கு. முனை மழுங்கின ஊசி துணியைக் குத்தாது, இழுக்கும். ஏழெட்டு மணி நேரம் தைச்சா மாத்திடுங்க. மெல்லிசுத் துணிக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடிமனுக்கு 16, அதுக்கும் மேல போனா 18. தட்டைப் பக்கம் மாறிப் போச்சுன்னா தையல் விட்டு விட்டுத்தான் விழும், அதுக்கு மிஷினைத் திட்டக்கூடாது.

அப்புறம் "டென்ஷன்". எது ஆனாலும் நம்ம மக்கள் பாபின் கேஸ்ல இருக்கிற அந்தக் குட்டி ஸ்க்ரூவைத் திருகிடுவாங்க. துணிக்கு அடியில நூல் கூடு கட்டுதா? தொண்ணூறு சதவீதம் தப்பு மேல் நூல்லதான். மிஷின் பாதத்தைத் தூக்கி வச்சுட்டு நூல் கோத்தாத்தான் அது டென்ஷன் தட்டுக்கு நடுவுல போய் உக்காரும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தா தட்டு இறுகியிருக்கும், நூல் வெளியிலயே ஓடும். அடியில எல்லாம் கூடுதான். கோத்ததைப் பிரிச்சு ஒருதடவை திருப்பிக் கோத்துப் பாக்காம, சரியா இருந்த ஸ்க்ரூவையும் கெடுத்துட்டு, டென்ஷன் போச்சுன்னு நாம டென்ஷன் ஆகறோம்.

"ரெடிமேட் காலத்துல இதெல்லாம் எதுக்குப்பா, ஓரம் அடிக்கத் தெருமுனையில ஆள் இருக்கு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். எல்லாரும் தைக்கணும்னு நான் சொல்லல. முட்டிவலி, முதுகுவலின்னு நிஜமாவே முடியாதவங்க இருக்காங்க, அவங்க மிதிக்க வேணாம். அப்ப ஓட்டறவங்க கையில கொடுத்துடுங்க. அக்கம்பக்கத்துல தையல் கிளாஸ் முடிச்சுட்டு மிஷின் வாங்கக் காசில்லாம இருக்கிற பொண்ணு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அது இல்லாம, கொடுக்கவும் மனசு வராம, ஓட்டவும் மனசு வராம, பூ ஜாடி வச்சு அழகு பாக்கறீங்களே, அதுதான் சகிக்கல.

சரி, என் யோக்கியதைக்கு வர்றேன்.

எங்கம்மா இருபத்தஞ்சு வருஷம் தைச்சாங்க. தெருவுக்கே பாவாடை, ஜாக்கெட். ஜூன் மாசம் வந்தா ஸ்கூல் யூனிபார்ம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிஷின் சத்தத்துலதான் நாங்க தூங்கினோம். என் காலேஜ் பீஸ் அந்த மிஷின்ல இருந்து வந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் விட்டுட்டு, பாதத்துக்கு அடியில ஒரு துண்டுத்துணி வச்சு மூடுவாங்க. வடியற எண்ணெய் அதுல இறங்கிடும், மறுநாள் தைக்கிற துணியில கறை படாது. எனக்கு வேலை கிடைச்சதும் 2009-ல நான் போட்ட முதல் உத்தரவு, "இனிமே நீ தைக்கக்கூடாது." பெரிய மனுஷன் ஆயிட்டேன்ல. மூலையில தள்ளி, துணி போட்டு மூடியாச்சு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானே பக்தியா எண்ணெய் விட்டேன். என்ன எண்ணெய்னு கேக்காதீங்க. சமையலறைல கைக்கு அகப்பட்டது எதுவோ அது.

2015-ல பேத்திக்குப் பாவாடை தைக்கணும்னு அம்மா துணியை விலக்கினாங்க. வீல் அசையல. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "தலையே போச்சு சார், எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க"ன்னார். அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு, "மண்ணெண்ணெய் விட்டு ஒருநாள் ஊற வச்சுப் பாரேன்டா"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு என்னம்மா தெரியும், மெக்கானிக்கே சொல்றார்ல."

இருபத்தஞ்சு வருஷம் அதை ஓட்டினவங்ககிட்ட!

எடைக்குப் போட்டேன். புதுசா எலக்ட்ரிக் மிஷின் வந்துச்சு. அம்மாவுக்கு அந்த வேகம் பிடிபடல, ரெண்டு தடவை உக்காந்தாங்க, அதோட சரி. அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

போன மாசம் உசிலம்பட்டியில சித்தி வீட்டுல அதே மாதிரி ஒரு மிஷின், பரண்ல இருந்து இறக்கினது, அதே மாதிரி கல்லா நின்னுச்சு. சித்தப்பா பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லியே விட்டுட்டார். இரும்புக்காரன் வர்றதுக்குள்ள நான் கீழ உக்காந்துட்டேன். முதல்ல ஷட்டிலைக் கழட்டினேன், சில சமயம் நூல் சிக்கியே வீல் நின்னுடும். நூல் இல்ல. பல்லுக்கு அடியில பஞ்சு மெத்தை மாதிரி அழுத்தி நிரம்பிக் கிடந்துச்சு, ஊக்கு வச்சு நோண்டி எடுத்தேன். அக்கம்பக்கத்துல அடுப்பு எரியாம பாத்துக்கிட்டு, ஓட்டை ஒவ்வொண்ணுலயும் மண்ணெண்ணெய் ரெண்டு ரெண்டு சொட்டு. (இப்ப மண்ணெண்ணெய் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு, அது வேற கதை.) மறுநாள் வீலை முன்னயும் பின்னயும் லேசா ஆட்டினேன். பலம் கொடுக்கவே இல்ல. கொஞ்சூண்டு நகந்துச்சு. திரும்பச் சொட்டு. மூணாவது நாள் சாயங்காலம் ஒரு முழுச்சுத்து சுத்தினப்ப உள்ள இருந்து பழுப்பா, காபி டிகாஷன் மாதிரி வழிஞ்சுது. துடைச்சுட்டு மிஷின் ஆயில் விட்டேன். கையை எடுத்த பிறகும் வீல் நாலு சுத்து தானா ஓடுச்சு.

அம்மாவை வீடியோவுல கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பாபின் கேஸ் வாய்ல துரு இருக்கான்னு பாரு, நூலை அறுக்கும்"னாங்க.

இருந்துச்சு. அதை மாத்தணும், பெல்ட்டும் இத்துப்போயிருக்கு. ரெண்டையும் வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை அம்மாவோட உசிலம்பட்டி போறேன். பாவாடைத் துணி அம்மா வெட்டியே வச்சுட்டாங்க.