பொம்மை பேசினால் வீட்டில் யார் பேசுவது?

ஒரு வயதுக் குழந்தைக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது பேட்டரி பொம்மைதான். பொத்தானை அழுத்தினால் மாடு கத்தும். ஏ, பி, சி ஒப்பிக்கும். விளக்கை மினுக்கிக்கொண்டு ஒரு பாட்டும் பாடும். மொழித்திறனை வளர்க்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்குகிறவருக்கும் நிம்மதி: பொம்மை சொல்லிக்கொடுக்கும், நாம் வேலையைப் பார்க்கலாம். கோளாறு அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. பொம்மை பேசத் தொடங்கியதும் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா இதை அளந்தே பார்த்தார். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களுக்கு மூன்று வகைப் பொருட்களைக் கொடுத்து, வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்தார். குழந்தை மடிக்கணினி, பேசும் பண்ணை, செல்போன் போன்ற மின்னணு பொம்மைகளோடு விளையாடியபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சராசரியாக 40 சொற்கள் பேசினார்கள். மரப் புதிர், அடுக்கும் கட்டைகள் போன்ற பழைய வகை பொம்மைகளோடு 56 சொற்கள். படப் புத்தகத்தோடு 67. 26 வீடுகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் காரணத்தை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பொம்மையே மாடு கத்துவதுபோல் கத்திவிட்டால், ‘மாடு எப்படிடா கத்தும்?’ என்று கேட்கத் தாய்க்கு இடம் எங்கே?

பொம்மையின் பேச்சும் பேச்சுதானே, அதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்ளாதா என்று கேட்கலாம். குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பேட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டியும் புத்தகம் படித்தும் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வுகள்தான். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியாகப் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. குழந்தை பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்து, அது ‘ஆ’ என்றால் பதிலுக்கு ஏதாவது சொல்லும் ஆள் எதிரே இருக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ச் சொப்புச் சாமான்களின் சிறப்பு அவை தாமாக எதையும் செய்யாததுதான். காலிக் கிண்ணத்தை நீட்டினால், ‘காபி சுடுது, ஊதிக் குடி’ என்று யாராவது சொன்னால்தான் அது காபி ஆகும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாலின் கடைசி மூன்று பருவங்களைச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று வைத்ததும், பருவம் முழுக்கக் குழந்தையை நோக்கிப் பேசிக்கொண்டே போவதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. இதைப் பழம்பெருமையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கைவினைக் கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கி ஷோகேஸில் வைத்த மரப்பாச்சி யாருக்கும் ஒரு சொல்லும் கற்றுத் தராது.

சரி, ஆள் இருந்தால் என்ன நடக்கும்? ஜமைக்காவில் 1986-87இல் தொடங்கிய ஒரு முயற்சியை இங்கே விரிவாகப் பார்க்கலாம். சாலி கிரந்தம்-மெக்ரெகர் தலைமையிலான குழு, தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. வயது 9 முதல் 24 மாதம். குழந்தைகளை நான்காகப் பிரித்தார்கள்: முதல் பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு; அடுத்ததற்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு; மூன்றாவதற்கு இரண்டும்; நான்காவதற்கு இரண்டும் இல்லை. விளையாட வந்தவர்கள் சமூக சுகாதாரப் பணியாளர்கள். கொண்டுவந்த பொம்மைகள் பெரும்பாலும் வேண்டாமென்று தூக்கிப்போடும் பொருட்களில் செய்தவை. ஒரு வாரம் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார்கள். முக்கியமான சங்கதி, அவர்கள் குழந்தையோடு மட்டும் விளையாடவில்லை, தாயையும் உட்காரவைத்தார்கள். பொருளின் பெயரைச் சொல்ல, குழந்தையின் சத்தத்துக்குப் பதில் பேச, பாராட்டத் தாயைப் பழக்கினார்கள். இரண்டு ஆண்டுகளோடு அது முடிந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, அவர்களில் 105 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பொருளாதார அறிஞர்கள் பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் அதிகம். பால்மாவு குழந்தைப் பருவத்தில் உதவியது. ஆனால் அந்தப் பலன் பெரியவர்களானபோது தங்கவில்லை. இங்கேயும் எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் கொலம்பியா, வங்கதேசம் என்று பல இடங்களில் இதே முறையைச் செய்துபார்த்திருக்கிறார்கள். விளைவின் அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் குழந்தைகளின் அறிவாற்றல் மதிப்பெண்கள் உயர்ந்தன.

ஊட்டச்சத்து வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. அது மட்டும் போதாது என்பதுதான் சங்கதி. தமிழ்நாட்டு அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளைத்தான் சேர்க்கிறார்கள். அதற்கு முன் அரசுக்கும் குழந்தைக்கும் இடையே இருப்பது தடுப்பூசியும் எடைக்கருவியும் சத்துமாவுப் பாக்கெட்டும். முதல் சொல் வருவதும், ‘அம்மா வா’ என்று இரண்டு சொல் சேர்வதும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான். கிங்ஸ்டன் கணக்கில் பார்த்தால் நாம் முதல் பிரிவில் இருக்கிறோம்.

கொள்கையில் பஞ்சமில்லை. 2023இல் வந்த ‘ஜாதுயி பிடாரா’ என்ற விளையாட்டுப் பெட்டி 3 முதல் 8 வயதுக்கு. பிறப்பு முதல் மூன்று வயதுவரையிலான குழந்தைகளுக்கு 2024இல் ஒன்றிய அரசு ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. ஆனால் பொம்மைப் பெட்டி ஒரு மையத்துக்குப் போனதும் பொருள் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. உடைந்தால் பணியாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், பெட்டி பீரோவுக்குள்தான் இருக்கும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பொம்மையைச் சோப்பு, துடைப்பம்போலத் தேய்ந்து தீரும் பொருளாகக் கணக்கில் காட்ட ஓர் அரசாணை போதும்.

ஆளும் நேரமும் தருவதுதான் கடினம். சமையல், எடை, பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது எல்லாம் ஒரே பணியாளரும் ஓர் உதவியாளரும் பார்க்கும் மையத்தில், வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போ என்று சொல்வது அநியாயம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று, வீடுகளுக்குப் போய் வரும் இன்னொரு பணியாளரை, கௌரவ ஊதியத்தில் இல்லாமல் முறையான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். முதலில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகமுள்ள வட்டாரங்களில் தொடங்கலாம். அது இல்லாமல் வழிகாட்டியை மட்டும் அனுப்பினால், வீட்டுச் சந்திப்பு பதிவேட்டில் மட்டும் நடக்கும்.