ஆகாயப் புயலும் அந்நியக் கணக்கும்

2015-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. முடிச்சூர் ஜனங்கள் அதை மறக்கமாட்டார்கள். டிசம்பர் மாதச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய வெள்ளத்தைக் கணிக்க ஒருவர் முற்பட்டிருந்தால் நாம் நகைத்திருப்போமன்றோ? ஆயினும் நம் தலைக்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் மூளும் வேறொரு கலக்கத்தைக் குறித்து, உலகம் பெரும்பாலும் சராசரிக் கணக்கையே இன்றும் நம்பியிருக்கிறது.

சூரியனிடமிருந்து சீறிவரும் மின்துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் கலக்குவதே காந்தப் புயல். 2024-ம் வருஷம் மே 10, 11 தேதிகளில் அத்தகைய பெரும்புயலொன்று மூண்டபொழுது லடாக்கிலுள்ள ஹான்லேயில் வானம் சிவந்தது. நம் பகுதியில் அது கண்ணுக்குத் தெரியும் விஷயமன்று. கருவிகளுக்குத் தெரியும் விஷயம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கையில் தாமதப்படுகிறது. சூரியன் உக்கிரங்கொண்ட வருஷங்களில், திருத்தாவிடில், தூரக் கணக்கில் பத்து மீட்டருக்கு மேலும் பிழை நேரக்கூடும். கோவளத்து மீனவருக்கும், மேடவாக்கத்தில் மனை அளப்பவருக்கும், வானூர்தி ஓட்டுவோருக்கும் இது பொதுவான சங்கதி.

இப்பிழையைத் திருத்தக் கணித மாதிரிகள் உண்டு. ஜி.பி.எஸ். கோள்களே எட்டு எண்களைக் கொண்ட ஒரு சூத்திரத்தை ஒலிபரப்புகின்றன. அது சுமாராகப் பாதிப் பிழையை நீக்கும். 1960-களின் இறுதியில் தொடங்கிய சர்வதேச அயனி மண்டல மாதிரி, மாதத்தின் நடுத்தர நிலையைக் கூறுவது. அதில் பிற்பாடு சேர்க்கப்பட்ட புயல் திருத்தம் இடைநிலை அட்சரேகைத் தேசங்களில் நன்கு பயன்படுகிறது. நிலநடுக்கோட்டருகே அதனால் விளையும் நன்மை சொற்பமே.

காரணம் யாது? காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையருகே செல்கிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதனாலேயே. அங்கே பகலில் மின்துகள்கள் நீரூற்றைப்போல் மேலெழுந்து, வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிகின்றன. தெற்கேயுள்ள பள்ளத்திற்கும், அஹமதாபாத், கொல்கத்தா பக்கம் எழும் மேட்டிற்கும் இடையே சென்னை இருக்கிறது. பகலில் புயல் தொடங்கினால் அவ்வூற்று ஓங்கும். சில மணி நேரங்கழித்து எதிர்த்திசை மின்புலம் தோன்றி அதை அடக்கும். ஆகவே புயல் எவ்வளவு பெரிது என்பது மட்டும் போதாது. நமக்கு அப்பொழுது பகலா, அந்தியா என்பதும் தெரியவேண்டும். நண்பகலில் குறைத்துக் கூறி மாலையில் மிகைப்படுத்தும் மாதிரி, மாதச் சராசரியில் நல்ல பிள்ளையாகத் தோன்றிவிடும்!

இதை நம் தேசத்தார் ஒருமுறை கண்டறிந்து திருத்தியுமிருக்கிறார்கள். விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் ‘ககன்’ முறையை அமைத்தபொழுது, அமெரிக்க வானத்துக்கென அமைந்த கணக்கு நம் வானத்துக்குப் போதாதென்று கண்டு, பல அடுக்குகளாகக் கணக்கிடும் முறையொன்றை இஸ்ரோவினர் உருவாக்கினர். 2015 ஏப்ரலில் விமானங்கள் இறங்குவதற்கு வழிகாட்டும் தகுதிச் சான்று அதற்குக் கிடைத்தது.

பீதி கிளப்புவது நம் நோக்கமன்று. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களுக்குத் தரையிலுள்ள வானொலிக் கருவிகளும் துணை நிற்கின்றன. இரண்டு அலைவரிசைகளைப் பெறும் கருவி தாமதத்தைத் தானே அளந்து நீக்கும். பின் மாதிரி எதற்கு என்று கேட்பாருமுண்டு. மலிவான கருவிகள் பலவும் ஒற்றை அலைவரிசையையே பெறுபவை என்பதே அவர்களுக்கு விடை. வசதியுள்ளவனுக்குத் துல்லியம், ஏழைக்குச் சராசரி என்பது நியாயமாகாது.

ஆகையால் நாம் கேட்பது இது: வழக்கிலுள்ள ஒவ்வொரு மாதிரியையும் புயல் நாட்களை மட்டும் பிரித்தெடுத்து, மணிக்கு மணி, இந்திய அளவைகளோடு ஒப்பிட்டுப் பரீட்சிக்கவேண்டும். தோல்விகளையும் மறையாது வெளியிடவேண்டும். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் பூமி காந்த நிலையத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. குரோம்பேட்டையில் 1949 முதல் எம்.ஐ.டி. இருக்கிறது. இத்தகைய கலாசாலைகளின் மாடிகளில் இரட்டை அலைவரிசைக் கருவிகளை வைத்து, மாணவர் கையில் அளவைகளை ஒப்படைப்பது ஸர்க்காருக்குப் பெருஞ்செலவன்று.

1802-ல் பரங்கிமலையருகேயிருந்து பெரும்பாக்கம் பக்கமாக லாம்டன் துரை சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார். பூமியின் வடிவைப் பற்றி ஐரோப்பிய நூல்கள் கூறியதோடு அவர் திருப்தியடையவில்லை. இந்த மண்ணிலேயே அளந்து பார்த்தார். கும்பினியார் காலத்தில் நம் நிலத்தை அந்நியர் அளந்தனர். சுதந்திர பாரதத்தின் ஆகாயத்தை நாமே அளப்பதன்றோ முறை?