படகு வாங்கப் போகிறீர்களா?

இரண்டு இதழ்களுக்கு முன்பு, நார்வேயில் ஸ்டாவங்கர் நகரில் இருக்கும் என் பெண் வீட்டில் பழைய படகு ஒன்று வாங்கியதைப் பற்றி இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்லோவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு நாலு வயதில் ஒன்றும் ஒன்றரை வயதில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள். "என் கணவர் தினமும் ராத்திரி பழைய படகு விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கோடைக்குள் வாங்கியே ஆகணுமாம். எனக்கோ நீச்சல்கூடத் தெரியாது. ஏதாவது கேட்டால் 'அதெல்லாம் உனக்குப் புரியாது' என்கிறார். நான் என்னதான் பார்க்க வேண்டும், மாமி?" என்று கேட்கிறார்.

புரியாது என்று யார் சொன்னது? பானையைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்குப் படகையும் தட்டிப் பார்க்கத் தெரியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து படிக்கும் சகோதரிகளுக்கு இது என்னடா பணக்கார சமாச்சாரம் என்று தோன்றும். அந்த ஊரில் அப்படியில்லை. கரையெல்லாம் கடல் உள்ளே புகுந்து புகுந்து கிடக்கிறது, எதிரே சின்னதும் பெரிதுமாகத் தீவுகள். நம் வீடுகளில் ஸ்கூட்டர் நிற்பதுபோல் அங்கே அநேகம் பேரிடம் ஒரு படகு இருக்கிறது. ஜூன் மாதத்தில் ராத்திரி பத்தரை மணிக்கும் வெளிச்சம். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு தீவில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

எங்கள் மாப்பிள்ளை முதலில் பார்த்த படகு பளபளவென்று வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்னால் 40 குதிரை சக்தி மோட்டார். அவர் நேரே மோட்டாரிடம் போய்விட்டார். என் பெண், மூன்று வயதுப் பேரனைத் தூக்கிப் படகுக்குள் நிறுத்தினாள். படகின் விளிம்பு அவன் முழங்காலுக்கு வந்தது. "அம்மா, பார்த்தியா?" என்றாள். நான் மாமியார், வாயைத் திறக்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள்: "இது வேண்டாங்க. இவன் எட்டிப் பார்த்தான்னா நேரா உள்ளே போயிடுவான்."

இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சின்னக் குழந்தைக்கு உடம்பில் தலைதான் கனம். நாம் இடறினால் உட்காருவோம், அது இடறினால் தலைகுப்புற விழும். விளிம்பு குழந்தையின் இடுப்புக்கு மேலே, முடிந்தால் மார்பு வரைக்கும் வர வேண்டும் என்பது என் கணக்கு. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குழந்தையை அழைத்துப் போய் நிறுத்திப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார நடுவில் இடம் இருக்கிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? ஈரக்காலோடு நடந்தால் வழுக்குமா? முன்பக்கம் மூடினாற்போல் ஒரு பொந்து இருந்தால் குழந்தை அதிலேயே தூங்கிவிடும், அது பெரிய சௌகரியம். அப்புறம் நீங்களே ஒரு ஓரமாகப் போய் நில்லுங்கள். ஒரு ஆள் நகர்ந்ததற்கே படகு ஒருபக்கமாகச் சாய்ந்தால், இரண்டு குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அகலமான படகு அவ்வளவு வேகம் போகாது. போகாவிட்டால் போகட்டும்.

அந்த 40 குதிரை சக்தியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் 8 மீட்டருக்கு மேல் நீளமான படகையோ, 25 குதிரை சக்திக்கு மேற்பட்ட மோட்டாரையோ ஓட்ட வேண்டுமானால் நார்வேயில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாப்பிள்ளையிடம் அது இல்லை. என் பெண் அதையும் கண்டுபிடித்துச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெரும்பாலும் விற்பனைக்கு வருவது கண்ணாடி இழைப் படகுகள்தான். 1998 ஜூனுக்குப் பிறகு ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த படகானால் ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எந்தப் பிரிவு என்று அதில் போட்டிருக்கும். 'சி' என்றால் கரையோரக் கடலுக்கு, 2 மீட்டர் அலை வரை தாங்கும். 'டி' என்றால் ஏரிக்கும் ஒதுக்கமான நீருக்கும்தான். அதற்கு முந்திய படகில் இந்தத் தகடு இருக்காது. அதனாலேயே படகு மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் எங்கே ஓட்டலாம் என்பதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது தட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காசையோ சின்ன மரச் சுத்தியையோ எடுத்து, வெளிப்புறம் முழுவதும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். ஓரிடத்தில் திடீரென்று 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் அங்கே உள்ளே இழை பிரிந்திருக்கிறது, இல்லை, ஈரம் இறங்கியிருக்கிறது. முக்கியமாக, மோட்டாரை மாட்டும் பின்பலகை. வெளியே பார்க்கக் கண்ணாடி இழை, உள்ளே அநேகமாக மரப்பலகை. ஆணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போனாலும் வெளியே தெரியாது. நாங்கள் பார்த்த இரண்டாவது படகில் மாப்பிள்ளை மோட்டாரைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தினார். பலகை அப்பளம் மாதிரி நெளிந்தது. விற்றவர் ரொம்ப மரியாதையான கிழவர், காப்பியெல்லாம் கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துவாரம் இருக்கும், தக்கை போட்டு அடைத்திருப்பார்கள். படகு கரையில் இருக்கும்போது அந்தத் தக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வடிந்து நின்றால் சரி. வடிந்துகொண்டே இருந்தால் இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கிறது. கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் காப்பது அந்த நுரைதான். அது ஊறிப்போயிருந்தால் விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மோட்டாரைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை, அதை ஆண்களே ஆசையாகப் பார்ப்பார்கள். மூன்று விஷயம் மட்டும். போனதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆறின பிறகு உங்கள் எதிரில் கிளப்பச் சொல்லுங்கள். ஓடும்போது பின்னால் ஒரு சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும், இல்லையென்றால் மோட்டார் குளிர்ச்சியடையவில்லை. கீழே பல்சக்கர எண்ணெயைச் சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது.

மூன்றாவதாகப் பார்த்த படகைத்தான் வாங்கினார்கள். 15 அடி, வெளுத்துப்போன பச்சை, உள்ளே நல்ல ஆழம், பத்துக்கும் குறைவான குதிரை சக்தியில் மோட்டார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு "இது தவளை மாதிரி இருக்கு பாட்டி" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டப்படி 8 மீட்டருக்கும் குறைவான படகு ஓடும்போது வெளியே இருக்கும் எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும். 2015-லிருந்து அப்படி. நாங்களும் வாங்கப் போனோம். பேரனுக்கு அவன் எடைக்குச் சரியான சட்டையை என் பெண் கையில் எடுத்தாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷமே பத்தாது, ஒரு அளவு பெரிசா எடு" என்றேன். பாவாடை சட்டை தைத்த புத்தி. அவளும் சரியென்று எடுத்துவிட்டாள்.

நல்ல வேளை, படகில் ஏறும் முன்பு கரையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு குழந்தையைப் படுக்கவைத்தாற்போல் விட்டார். சட்டை மிதந்தது. குழந்தை மிதக்கவில்லை. சட்டை மட்டும் மேலே எழும்பிக் காதுவரை வந்து, அவன் வாயும் மூக்கும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு விநாடிதான். அப்பா கை அங்கேயே இருந்தது, தூக்கிவிட்டார். இருமி, அழுது, பத்து நிமிஷத்தில் மணலில் விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதுவே படகிலிருந்து விழுந்து, நாங்கள் திருப்பிக்கொண்டு வருவதற்குள் என்றால்?

ஆகையால், சகோதரி, படகுக்கு முன்னால் சட்டையை வாங்குங்கள். உள்ளே எழுதியிருக்கும் எடை, உங்கள் குழந்தையின் இன்றைய எடையாக இருக்கட்டும். நீச்சல் தெரியாத குழந்தைக்குக் கழுத்துக்குப் பின்னால் பட்டையான காலர் வைத்த '100' என்று போட்ட சட்டைதான் வேண்டும், அது முகத்தை மேலே திருப்பும். '50' என்று போட்டது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. தொடை இடுக்கு வழியே வரும் வார் கட்டாயம். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குங்கள். சட்டை காதுக்கு ஏறினால் அது சட்டையே இல்லை. காற்றடைத்து விரியும் தினுசு பெரியவர்களுக்குச் சரி, சின்னதுகளுக்கு வேண்டாம். படகோடு இலவசமாகக் கொடுக்கும் பழைய சட்டைகளை நம்பாதீர்கள். வெயிலில் நிறம் போய், தையல் விட்டு, உள்ளே நுரை பொடிந்திருக்கும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் பொம்மை, அவ்வளவுதான். உங்களுக்கும் ஒன்று சரியான அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாத அம்மா சட்டையில்லாமல் குழந்தைக்குப் பின்னால் குதித்தால் இரண்டு பேரையும் தூக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரை நம் மெரீனா மாதிரி நினைத்துவிடக் கூடாது. அங்கே ஜூலையிலும் 15, 16 டிகிரிதான். அவ்வளவு குளிர்ந்த நீரில் விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, ஏங்கி ஏங்கி இழுக்கும். அந்த ஒரு நிமிஷம் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிஷம்வரைதான் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் ஏறிவிட வேண்டும். அதனால்தான் படகில் ஏணி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள், தண்ணீருக்குள் இருப்பவர் கைக்கு எட்டி அதை இழுத்துவிட முடிகிறதா என்று பாருங்கள். என் பெண் கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்தத் தவளையில் ஏறிப் பார்த்தாள். ஏணி இல்லாமல் மூன்று தடவை முயற்சி செய்தாள், முடியவில்லை. ஏணியோடு முதல் தடவையிலேயே ஏறிவிட்டாள். மோட்டாரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் எப்போதும் உடம்பில் மாட்டிக்கொள்ளட்டும். அவர் விழுந்தால் மோட்டார் நின்றுவிடும், இல்லையேல் படகு குழந்தைகளோடு தானே போய்க்கொண்டிருக்கும்.

பெட்ரோல் டப்பாவைக் கரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். இரண்டு துடுப்பு, ஒரு நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி. அந்த வாளி குழந்தைகளின் 'அவசரத்துக்கும்' ஆகும்!

முதல் பயணம் அரை மணிக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்தே இருக்கும் குழந்தைக்குக் காற்றில் சீக்கிரம் குளிர் ஏறும், ஓட்டுகிற அப்பாவுக்கு அது தெரியாது. கம்பளிச் சட்டை ஒன்றும் மாற்றுத் துணியும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லிதான் உத்தமம், கொட்டாது, ஆறினாலும் நன்றாயிருக்கும். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பெரிய குழந்தைக்கு வயிற்றைப் புரட்டும்.

இன்னொன்று, அந்தத் தக்கை. கரையில் இருக்கும்போது மழைத்தண்ணீர் வடியத் திறந்து வைப்பார்கள், படகை இறக்கும்போது மூட மறந்துவிடுவார்கள். எங்கள் மாப்பிள்ளை முதல் தடவையே மறந்தார், கணுக்கால் வரை தண்ணீர் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது என் பெண் அந்தத் தக்கையைப் படகுச் சாவியோடு சேர்த்து நூலில் கட்டி, சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். அவளைக் கேட்காமல் படகு கிளம்ப முடியாது.