கனத்த நகம் கற்பிக்கும் பாடம்

சென்ற ஆண்டு எனது வகுப்பில் "நான் விரும்பும் விலங்கு" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். எட்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ரீச்சர், டைனோசர் பற்றி எழுதலாமா?" என வினவினான். "அதெல்லாம் தமிழில் எழுதுவது கடினம், பசுவைப் பற்றி எழுது" என்று கூறிவிட்டேன். அவனும் எழுதினான். ஐந்து வரிகள், பிழை ஏதும் இல்லை, உயிரும் இல்லை. ஆர்ச்வேயில் பிறந்து வளரும் அப்பிள்ளை ஒரு பசுவை அருகில் நின்று பார்த்திருப்பானோ என்பதே ஐயம். தவறு என்னுடையது என்பதை அன்றிரவே உணர்ந்தேன். அவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய கதை இது.

1983 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இலண்டனுக்குத் தெற்கே சரே பகுதியில், ஒக்லி என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள களிமண் அகழ்விடம் ஒன்றில் வில்லியம் வாக்கர் என்பவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் பேராசிரியர் அல்லர்; நீர்க்குழாய் பொருத்தும் தொழில் செய்தவர். ஓய்வு நேரங்களில் உயிர்ச்சுவடுகளைத் தேடுவது அவரது வழக்கம். அக்கல்லினுள் பெரியதொரு நகம் இருந்தது. வெளிவளைவு வழியே அளந்தால் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர். உங்கள் புத்தகப் பையிலுள்ள அடிமட்டத்தைவிடச் சற்றே நீளம்! இயற்கை வரலாற்று நூதனசாலையினர் அவ்வாண்டே அவ்விடத்தை அகழ்ந்து, சுமார் 2 தொன் பாறையை எடுத்துச் சென்றனர். பாறையிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுக்கப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. 1986 இல் அலன் சரிக், அஞ்சலா மில்னர் என்னும் அறிஞர் இருவரும் அவ்விலங்குக்குப் 'பரியோனிக்ஸ் வாக்கெரி' எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'பரியோனிக்ஸ்' என்றால் கனத்த நகம். பின்னுள்ளது வாக்கரின் பெயர்.

ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய தென் இங்கிலாந்து ஆறுகளும் நீர்நிலைகளும் நிறைந்த வெப்பமான நிலமாக இருந்தபோது இவ்விலங்கு வாழ்ந்தது. இரு கால்களால் நடந்தது. நீளம் 8 முதல் 10 மீற்றர் வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். முதலையினுடையதைப் போன்று ஒடுங்கி நீண்ட முகம்; கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 32 பற்கள். அதன் வயிறு இருந்த இடத்தில், இரைப்பை அமிலத்தால் அரிக்கப்பட்ட மீன் செதில்கள் கிடைத்தன. ஊனுண்ணும் டைனோசர் மீனும் தின்றது என்பதற்கு அதுவே முதல் நேரடிச் சான்று. கூடவே, இகுவனோடன் என்னும் தாவரவுண்ணியின் குட்டி ஒன்றின் எலும்புகளும் இருந்தன. அக்குட்டியை அது கொன்று தின்றதா, இறந்து கிடந்ததைத் தின்றதா என்பதை எலும்புகள் கூறமாட்டா. கையிலிருந்த பெருநகத்தால் மீனைக் கொளுவி எடுத்திருக்கலாம் எனவும் அறிஞர் கருதுகின்றனர்.

மாணவர்களே, இக்கதையில் கண்டது எது, கருதுவது எது என்பதைப் பிரித்துப் பாருங்கள். செதில் கண்டது, நகத்தால் மீன் பிடித்தது கருதுவது. "கிடைத்தது", "இருக்கலாம்", "கருதுகின்றனர்" என்று நுணுக்கமாக வேறுபடுத்திச் சொல்ல எமது மொழியால் இயலும். இயலாது என்று நான் கூறியதே பொய்.

தமிழ் மண்ணுக்கும் இத்துறையில் பங்குண்டு. அரியலூருக்கு அண்மையிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு, 1987 இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் 'பிருகத்காயோசோரஸ்' எனப் பெயர் சூட்டினர். முதலில் ஊனுண்ணி என எண்ணப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி எனத் திருத்தப்பட்டது. ஆனால் அவ்வெலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. 2022 இல் வெளியிடப்பட்ட பழைய நிழற்படங்களே எமக்கு எஞ்சியவை. சரேயின் எலும்பு காக்கப்பட்டதால் இன்றும் அதனிடம் புதிய கேள்விகளைக் கேட்க முடிகின்றது. கல்லமேட்டு எலும்பிடம் இனிக் கேட்க முடியாது.

"விஞ்ஞானத்தை ஆங்கிலப் பாடசாலை கற்பிக்கின்றதே, கிழமைக்குச் சில மணித்தியாலமே நடக்கும் தமிழ் வகுப்பில் இது எதற்கு?" எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆத்திசூடியையும் திருக்குறளையும் விட்டுவிடுமாறு நான் கூறவில்லை. பிள்ளையின் வியப்பு முழுவதும் ஆங்கிலத்திலும், மனனம் மட்டும் தமிழிலும் இருக்குமாயின், பரீட்சை முடிந்த மறுநாளே தமிழ் அவனை விட்டு அகலும் என்பதே என் அச்சம். எதைப் பற்றிப் பேச அவன் துடிக்கின்றானோ, அதைத் தமிழிற் பேச இடமளிப்போம். சொல் தெரியாவிடத்து 'டைனோசர்' என்றே சொல்லட்டும். வாக்கியம் தமிழாயிருந்தாற் போதும்.

பெற்றோரே, ஆர்ச்வே நிலையத்தில் நோதேர்ண் ரயிலேறி, லெஸ்ரர் சதுக்கத்தில் பிக்கடிலி வழிக்கு மாறினால் சவுத் கென்சிங்ரன். நூதனசாலைக்குப் பொது அனுமதி இலவசம். பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவன் ஆசிரியனாகட்டும், நீங்கள் மாணவராகுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவன் விளக்குவது தமிழில் இருக்க வேண்டும்.

இவ்வாண்டும் அதே தலைப்பைக் கொடுக்கவுள்ளேன். இம்முறை எந்த விலங்கு என்பதை மாணவரே தெரிவு செய்வர்.