தையல் போட்டதும் காயம் ஆறிவிடுமா?

மட்டை வெட்டும் அரிவாள் சறுக்கினாலும், பால்வெட்டுக் கத்தி விரலைப் பதம் பார்த்தாலும், சமையற்கட்டில் டின் மூடி கையைக் கிழித்தாலும் நம் வீடுகளில் முதலில் தேடுவது காப்பித் தூளைத்தான். அது இல்லையென்றால் சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய். இரத்தம் நின்றதும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை பிரட்டுக்குப் போய்விடுகிறோம். தையல் போட்டுக்கொண்டவரோ, "அதான் தைத்தாகிவிட்டதே" என்று மூன்றாம் நாளே குலை தூக்கக் கிளம்புகிறார். இரண்டுமே ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நூல் காயத்தை ஆற்றுவதில்லை. பிளந்த தோலின் இரண்டு ஓரங்களையும் அசையாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பலகைக்குப் பசை தடவிக் காயும்வரை கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோமே, அந்தக் கயிற்றின் வேலைதான் நூலுக்கும். ஒட்டவைக்கும் வேலை நம் உடம்பினுடையது.

நெற்றியில் தையலோடு பள்ளிக்கு வந்த ஒரு பையனைப் பார்த்து, "அம்மா துணி தைக்கிற ஊசிதானா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை. இந்த ஊசி பிறை போல் வளைந்திருக்கும். மருத்துவர் அதை இடுக்கியில் பிடித்து மணிக்கட்டைத் திருப்ப, ஊசி ஓர் ஓரத்தில் இறங்கி மறு ஓரத்தில் ஏறும். இன்று பெரும்பாலான ஊசிகளுக்குக் காது கிடையாது. நூலின் நுனி ஊசியின் வாலுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அதனால் துளை பெரிதாகாது. தோலைத் தைக்க முனையில் வெட்டும் விளிம்புள்ள ஊசி, குடலைத் தைக்க உருண்டை ஊசி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சுஸ்ருத சம்ஹிதையிலேயே உருண்டை ஊசி, முப்பட்டை ஊசி, வில்லாக வளைந்த ஊசி என்று மூன்று வகை சொல்லப்பட்டிருக்கிறது. கிழிந்த குடலைப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு மூடும் முறையும் அந்த நூலில் உண்டு.

நூலிலும் இரண்டு சாதி. ஒன்று உடம்புக்குள் தானே கரைவது, மற்றது கரையாதது. 'கேட்கட்' என்னும் பழைய கரையும் நூலின் பெயரைக் கேட்டுப் பூனைக் குடல் என்று நினைப்பவர் உண்டு. அதை ஆட்டுக் குடலிலிருந்தும் மாட்டுக் குடலிலிருந்தும்தான் செய்தார்கள். இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் செயற்கை நூல்கள் பிடித்துவிட்டன. தோலின் மேல் போடும் நைலான் நூல் கரையாது. அதைப் பிரித்தே ஆகவேண்டும்.

தலைக் காயத்துக்கும் நீண்ட அறுவைக் காயத்துக்கும் உலோகப் பின் அடிப்பதும் உண்டு. காகிதத்துக்கு அடிக்கும் ஸ்டேப்லர் போன்றதுதான். 1908 இல் புடாபெஸ்ட் நகரில் ஹூல்ட்ல் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு முதலில் பயன்படுத்திய கருவி மூன்றரைக் கிலோ அளவுக்குக் கனத்தது. இப்போது உள்ளங்கையில் அடங்குகிறது. இந்தப் பின்களை எடுக்கத் தனிக் கருவி உண்டு. வீட்டில் குறடு வைத்துப் பிடுங்கக் கூடாது.

எந்தக் காயத்துக்குத் தையல் தேவை? சுத்தமான துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காதது, வாய் பிளந்து நிற்பது, உள்ளே மஞ்சள் கொழுப்புத் தெரிவது, முகத்திலோ மூட்டிலோ பட்டது. விரல் மரத்துப்போனாலும் மடக்க முடியாவிட்டாலும் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். இவற்றோடு அன்றே, சில மணி நேரத்துக்குள், கிளினிக்குக்குப் போய்விடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கக் கிருமி பெருகும். பிறகு தைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். காப்பித் தூளும் சுண்ணாம்பும் போட்டிருந்தால் அத்தனையையும் தேய்த்துக் கழுவிய பிறகே தைக்க முடியும். அந்த வேதனை உங்களுக்குத்தான். குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனால் போதும். டெட்டனஸ் என்னும் இசிவு நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. ஆகவே கடைசியாக எந்த ஆண்டு தடுப்பூசி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நாய்க்கடியைப் பெரும்பாலும் உடனே தைக்க மாட்டார்கள். "தைக்காமல் அனுப்பிவிட்டார்களே" என்று கோபிக்க வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய் நோயால் உயிர்கள் போயிருக்கின்றன.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். முகத்தில் சுமார் 5 நாள், தலையிலும் கையிலும் 7 முதல் 10 நாள், காலிலும் மூட்டிலும் 10 முதல் 14 நாள். முந்திப் பிரித்தால் காயம் வாய் திறக்கும், பிந்தினால் தழும்பு அழுந்தும். கிளினிக்கில் சொன்ன தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு முன்பே வீக்கமோ, சீழோ, காய்ச்சலோ கண்டால் காத்திருக்க வேண்டாம்.

பிரித்த பிறகும் காயம் முழுப் பலம் பெற்றுவிடுவதில்லை. மூன்று வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மாதக் கணக்கில் ஆனாலும் 80 விழுக்காட்டைத் தாண்டாது. கனத்த குலையைத் தூக்கத் துடிக்கும் கை இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"எம்.சி. எடுத்தால் சம்பளம் போய்விடுமே" என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் சொக்சோ இருக்கிறது. வேலையில் பட்ட காயத்தை அன்றே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்க வழி உண்டு. காப்பித் தூளைப் போட்டு மறைத்த காயத்துக்கு எம்.சி.யும் இல்லை, பணமும் இல்லை. நூல் அதன் வேலையைச் செய்யும், உடம்பும் அதன் வேலையைச் செய்யும். அதற்கு வேண்டிய நாள்களைக் கொடுப்பது மட்டும் நம் வேலை.