சிகிச்சை முடிவது எந்நாள்?
கடல் கடந்து வாழும் நோயாளர்களும் பின்கவனிப்பும்

அறுவைச் சிகிச்சை நடந்தேறி, நோயாளி மருத்துவமனையின் வாயிலைக் கடந்து வெளியே வந்தவுடன் சிகிச்சை முடிந்துவிட்டது என்று கருதுவது நம் மக்களிடையே வேரூன்றிய எண்ணமாகும். சொந்த ஊரில் வாழ்பவருக்கு இதனால் விளையும் தீங்கு சிறிதே. ஏதேனும் கோளாறு கண்டால் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி, கத்தி வைத்த அதே வைத்தியரிடம் போய்ச் சேரலாம். ஆனால் ஒரு நாட்டில் சிகிச்சை பெற்று மற்றொரு நாட்டில் வாழ்பவரின் நிலை அத்தகையதன்று. அவரது உடலை அறிந்த வைத்தியர் ஓரிடம். அவர் நோவால் வாடும் இடம் வேறிடம்.

நமது சங்கங்களின் அங்கத்தினர் குடும்பங்களில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் உழைப்போர் பலர். அந்நாடுகளில் சிகிச்சைக்கு ஆகும் செலவுக்கு அஞ்சி, ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வந்து அறுவைச் சிகிச்சையை முடித்துக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. எதிர்த்திசையிலும் இதே நிலைதான். வங்கதேசம், மாலத்தீவு, ஓமன், கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் நோயாளர் வருகின்றனர். இணையவழி மருத்துவ விசா பெற்று வருவோருக்கு 60 நாட்கள் தங்க இடமுண்டு. நீண்ட சிகிச்சைக்கு ஓராண்டு வரையில் மருத்துவ விசா பெறலாம். இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றே: திரும்பும் நாளை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் சிகிச்சையை அடக்கப் பார்க்கிறார்கள். உடல் தேறும் காலத்தைக் கணக்கிட்டு அதன் பின்னர்த் திரும்பும் நாளைக் குறிப்பதே முறை.

கூட்டுறவுப் பத்திரிகையில் இதைப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காணும் நகைக் கடன்களில் மருத்துவச் செலவுக்கென வாங்கியவை கொஞ்சமல்ல. வாங்கிய தொகை முழுவதும் அறுவைச் சிகிச்சைக்கும் விமானச் சீட்டுக்கும் கரைந்துவிடுகிறது. பின்னர் வேண்டிய பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஒரு காசும் மிஞ்சுவதில்லை. சம்பாதிப்பவர் அயல்நாட்டில் மீண்டும் நோயுற்றுப் படுத்தால், தவணை தவறுகிறது. நகை ஏலத்திற்கு வருகிறது. முதியோரும் குழந்தைகளும் தவிக்கின்றனர். ஆகவே இது வைத்தியர் விஷயம் மட்டுமன்று, சங்கத்தின் விஷயமுமாகும்.

சிகிச்சைக் காலத்தில் மூன்று தனித்தனிக் கணக்குகள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான துன்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, விமானம் ஏறத் தகுந்த நாள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமீது இருப்பதற்கு ஒப்பாகும். அந்நிலையில் உடலினுள் அடைபட்ட வாயு விரிவடையும். இரத்தத்தில் பிராணவாயு சற்றுக் குறையும். இது கருதியே பிரிட்டன் நாட்டில் பயணிகளுக்குப் பொது அறிவுரை வகுத்துள்ளனர். கண்புரை அறுவைக்குப் பின் 1 நாள், எளிய வயிற்று அறுவைக்குப் பின் 4 முதல் 5 நாட்கள், கடினமான வயிற்று அறுவைக்குப் பின் 10 நாட்கள், மார்பு அறுவைக்கும் இருதய பைபாஸ் சிகிச்சைக்கும் பின் 10 முதல் 14 நாட்கள் பறத்தலாகாது என்பது அதன் சாரம். விழித்திரை பிரிந்ததற்காகக் கண்ணினுள் வாயு செலுத்தப்பட்டவரோ, அவ்வாயு முற்றும் கரையும் வரையில் விமானம் ஏறவே கூடாது. வாயுவின் வகைக்கேற்ப இதற்குப் பல வாரங்கள் ஆகும். அவசரப்பட்டுப் பறந்தால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம். கண்ணை நம்பி இழை பார்த்துப் பிழைக்கும் நெசவாளர் குடும்பத்தாருக்கு இதன் கடுமையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உழைக்கத் தகுந்த நாள். இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். பைபாஸ் சிகிச்சையில் நடு மார்பெலும்பு பிளக்கப்பட்டுக் கம்பியால் கட்டப்படுகிறது. அவ்வெலும்பு உறுதியாகக் கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இரு வாரத்தில் விமானம் ஏற அனுமதி கிடைத்தது என்பதால் மூன்றாம் வாரத்தில் சிமெண்டு மூட்டை தூக்கலாம் என்பது பொருளன்று. பறக்கத் தகுதி வேறு, பாரம் சுமக்கத் தகுதி வேறு. முதலாளியிடம் காட்டுவதற்கு, எத்தனை வாரம் எவ்வளவு பளு தூக்கலாகாது என்பதை வைத்தியரிடம் எழுத்து மூலம் பெற்றுச் செல்வதே அறிவுடைமை.

மூன்றாவது, மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டிய காலம். இதுவே எல்லாவற்றிலும் நீண்டது. இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர் இரத்தம் உறையாதிருப்பதற்கான இரு மருந்துகளைப் பொதுவாக 6 மாதமும், மாரடைப்பு வந்தவராயின் 12 மாதமும் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். மருந்து தீர்ந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்தினால் ஸ்டென்ட்டினுள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உலோக வால்வு பொருத்தப்பட்டவர் வார்ஃபரின் என்னும் மருந்தை ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும்; அதன் அளவு சரிதானா என்று இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கோ முதற்சில மாதங்களில் அடிக்கடி பரிசோதனை அவசியம். புதிய உறுப்பை உடல் ஏற்க மறுக்கும் அபாயம் அக்காலத்தில்தான் மிகுதி.

காசநோய்க்குரிய சாதாரணச் சிகிச்சை 6 மாதங்கள்: முதல் 2 மாதம் ஒருவகை, பின் 4 மாதம் மற்றொருவகை. இருமல் நின்றதும் நோய் போயிற்று என்று எண்ணி நடுவில் நிறுத்துவோர் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கின்றனர். இது பற்றிச் சென்னை மாநகரம் உலகிற்கே ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில், ஒரு பகுதி நோயாளர் விடுதியிலும் மறு பகுதியினர் தம் வீடுகளிலும் வைத்துச் சிகிச்சை அளிக்கப்பெற்றனர். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு யாது? நல்லுணவும் ஓய்வும் குறைந்த ஏழை வீட்டில் இருந்தவரும், விடுதியில் இருந்தவருக்குக் கிட்டத்தட்ட இணையாகவே குணமடைந்தனர். அந்நோயாளர்கள் ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். படுக்கை எங்கே இருந்தது என்பதினும், மருந்து தவறாமல் உட்செல்கிறதா, அதை ஒருவர் கண்காணிக்கிறாரா என்பதே பெரிது என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. அயல்நாட்டில் இருக்கும் நோயாளருக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

தொலைபேசியில் வைத்தியரிடம் பேசிக்கொள்ளலாமே என்பது பலர் கூறும் சமாதானம். ஐயம் தெளிய அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் புண்ணைத் தொட்டுப் பார்க்கவும் இரத்தம் எடுக்கவும் தொலைபேசியால் இயலாது. மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் நம் நாட்டு எல்லைக்கு அப்பாற்பட்ட ஆலோசனையைத் தம்முள் அடக்கவில்லை. இங்கு எழுதிய மருந்துச் சீட்டை அங்குள்ள மருந்துக்கடை ஏற்கும் என்று நம்பியிருப்பதும் தவறு. டிரமடால், கோடீன் போன்ற வலி நீக்கும் மருந்துகள் ஐக்கிய அரபு நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை; முன் அனுமதியின்றிக் கொண்டு சென்றால் மருந்தே வழக்காக முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஓர் உறுப்பு நாட்டவர் மற்றோர் உறுப்பு நாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், உள்நாட்டிலேயே சிகிச்சை பெற்றவருக்கு உள்ள அதே பின்கவனிப்பைச் சொந்த நாடு அளித்தல் வேண்டும். சிகிச்சை செய்த நாடு அதன் பதிவேட்டை நோயாளிக்குத் தருதல் வேண்டும். நம் தொழிலாளர் செல்லும் நாடுகளுடன் நமது அரசு செய்துகொள்ளும் உடன்படிக்கைகளிலும் இக்கொள்கை இடம்பெற வேண்டும் என்பது நமது துணிபு. உழைப்பை வாங்கும் நாடு, உழைப்பவன் மார்பில் இருக்கும் தையலைக் கண்டும் காணாதிருத்தல் நியாயமன்று.

அதுவரையில் நம்மால் இயன்றதை நாம் செய்வோம். புறப்படுமுன் நோயாளி கையில் இருக்க வேண்டியவை நான்கு: நோயின் பெயரும் செய்த சிகிச்சையும் எழுதிய டிஸ்சார்ஜ் குறிப்பு; மருந்துகளின் வணிகப் பெயரோடு அவற்றின் மூலப் பெயரும் அளவும் கொண்ட பட்டியல்; அடுத்த பரிசோதனைகளின் தேதி; எவ்வறிகுறி தோன்றினால் உடனே வைத்தியரை நாட வேண்டும் என்ற எச்சரிக்கை. பதிவேட்டின் நகல் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் குழும ஒழுங்குமுறை விதி. இது தயவு அன்று, உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம். சென்று சேரும் ஊரில் தம்மைப் பார்க்கப் போகும் வைத்தியர் இன்னார் என்பதையும் புறப்படுமுன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சங்க நிர்வாகக் குழுவினருக்கு ஒரு யோசனை. மருத்துவச் செலவுக்கெனக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், அறுவைக்கு எவ்வளவு, பிந்திய ஆறு மாதத்திற்கு எவ்வளவு என இரு கணக்கு எழுதச் சொல்லுங்கள். துணை விதிகள் இடங்கொடுக்குமாயின் தொகையையும் இரு தவணையாக வழங்குங்கள். இரண்டாவதைப் பரிசோதனைத் தேதியில் கொடுங்கள். பயிர்க்கடனை நடவுக்கும் உரத்திற்கும் பிரித்துக் கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. நாற்று நட்டதோடு வயலை விட்டு வருவோர் நம்மில் யாருமில்லை. நம் பிள்ளைகளின் உடலை மட்டும் அவ்வாறு விட்டுவிடலாமா? அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதனை விவாதித்துத் தீர்மானம் இயற்றுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.