தட்டைத் தனியாக வைத்தால் நோய் பரவாதா?

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று டாக்டர் சொல்கிறார். அன்று மாலையே அவருடைய தட்டும் தம்ளரும் தனியாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. மற்றவர்களுடைய பாத்திரங்களோடு அவற்றைப் போடக் கூடாது. தனியாகத் துலக்க வேண்டும். தனியாகக் கவிழ்க்க வேண்டும். சில வீடுகளில் நோயாளியே அவற்றைத் துலக்கி வைக்க வேண்டும், காய்ச்சலோடு இருந்தாலும்!

இப்படிச் செய்வதால் என்ன பயன்?

காசநோயைப் பொறுத்தவரையில், ஒரு பயனும் இல்லை.

நுரையீரல் காசநோய் காற்றின் மூலம் பரவுகிறது. நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. அவற்றில் கிருமி இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை நெடுநேரம் மிதக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். நோய் பரவும் வழி இதுதான். சாப்பிட்ட தட்டிலும், குடித்த தம்ளரிலும் இருந்து இந்த நோய் தொற்றுவதில்லை.

தட்டைப் பிரித்த வீட்டில் ஜன்னல் மூடியே கிடக்கிறது. நோயாளியும் குழந்தைகளும் அதே அறையில் படுக்கிறார்கள். காவல் தட்டுக்கு, கதவு காற்றுக்குத் திறந்திருக்கிறது!

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இதைப்பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம் சென்னைதான்.

1956-ம் ஆண்டு சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை அமைத்தன. இப்பொழுது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரெயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அங்கே படுக்கை கிடைக்குமா? ஏழை நோயாளியை வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்தால் என்ன ஆகும்? இதுதான் கேள்வி.

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை வீட்டில் வைத்தே ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். வீடு என்றால் பங்களா அல்ல. பலருக்கு நெருக்கடியான குடிசை, போதாத சாப்பாடு. சானடோரியத்திலோ நல்ல உணவும் ஓய்வும் உண்டு.

முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணம் அடைந்திருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி அடுத்த வருஷம் வந்தது. வீட்டில் வைத்தியம் பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைக் காட்டிலும் நோய் அதிகம் வரவில்லை!

எதனால்? மருந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் நோயைப் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றியது பெரும்பாலும் அதற்கு முன்பே, அதாவது இன்ன வியாதி என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த காலத்தில்.

மறைக்கும் இருமல்

தட்டைப் பிரிப்பதால் பயன் இல்லை. போகட்டும், தீங்கும் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். தீங்கு இருக்கிறது.

பக்கத்து வீட்டில் தட்டைப் பிரித்ததைப் பார்த்த பெண், தனக்கு இருமல் வந்தால் என்ன செய்வாள்? மறைப்பாள். கல்யாணம் ஆகாதவள் என்றால் அவள் தாயும் சேர்ந்து மறைப்பாள். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடிப்பாள். இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இரண்டு மாதத்தில்தான் வீட்டில் உள்ள குழந்தைக்குத் தொற்றுகிறது.

2025-ம் ஆண்டுக்குள் காசநோயை ஒழிப்பது என்று 2018-ல் மத்திய அரசாங்கம் இலக்கு அறிவித்தது. 2024-ல் மட்டும் இந்தியாவில் 26 லட்சம் நோயாளிகள் பதிவு செய்யப்பட்டார்கள். மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்ததை 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பணத்தால் ஆகக்கூடியது இது. வீட்டுக்குள் இருக்கும் வெட்கத்தை எந்தத் திட்டம் போக்கும்?

துலக்குவதில் கவனம் தேவைப்படும் நோய்கள்

பாத்திரத்தைப்பற்றிக் கவலைப்பட வேண்டிய நோய்களும் உண்டு. காலரா, டைபாயிடு, வயிற்றுப்போக்கு, ஏ வகை மஞ்சள் காமாலை ஆகியவை அவை. (பி வகைக் காமாலை ரத்தத்தின் மூலம் பரவுவது. அதற்குத் தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.)

இந்த நோய்களின் கிருமி மலத்தில் வெளியேறுகிறது. சரியாகக் கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், ஈ ஆகியவற்றின் வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. நடுவில் தட்டும் தம்ளரும் அகப்பையும் அகப்படுகின்றன.

இங்கேயும் ஒரு விசித்திரம். கண் மஞ்சளானதும் பாத்திரத்தைப் பிரிக்கிறோம். ஆனால் ஏ வகைக் காமாலை மிக அதிகமாகப் பரவுவது கண் மஞ்சளாவதற்கு முந்திய நாட்களில். அப்போது அவர் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! ஆகவே, நோய் வந்த பிறகு மட்டும் காட்டும் சுத்தம் பாதிச் சுத்தம்தான்.

நன்றாக இருப்பவரும் கிருமியைச் சுமக்கலாம். அமெரிக்காவில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்மணிக்கு ஒரு வியாதியும் தெரியவில்லை. அவள் வேலை பார்த்த வீடுகளில் மட்டும் டைபாயிடு வந்துகொண்டே இருந்தது. காரணம் அவள்தான் என்று 1907-ல் கண்டுபிடித்தார்கள்.

எப்படித் துலக்குவது?

மிச்சம் வைத்த சோற்றைக் கொட்டிவிடுங்கள். "வீணாகிறதே" என்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டு, விளிம்பும் அடியும் படும்படி தேய்க்க வேண்டும். அடுப்புச் சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும். கோழியும் நாயும் நடமாடும் கொல்லை மண்ணை எடுத்துத் தேய்ப்பது கூடவே கூடாது.

தவறு பெரும்பாலும் நடப்பது அலசுவதில். ஒரே வாளித் தண்ணீரில் பத்துப் பாத்திரங்களையும் முக்கி எடுக்கிறோம். முதல் தட்டில் இருந்தது பத்தாவது தட்டுக்கும் வந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீர் ஓடினால் நல்லது. இல்லாவிட்டால் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றி அலச வேண்டும். கையைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. வெள்ளக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பாமல், கொதிக்க வைத்த தண்ணீரிலேயே கடைசி அலசல் அலசுங்கள்.

வயிற்று நோய்க்காரர் உபயோகித்த எவர்சில்வர் பாத்திரங்களைத் துலக்கிய பிறகு, தண்ணீரில் மூழ்க வைத்து நன்றாகக் கொதிக்க விட்டால் போதும். அவற்றுக்கென்று தனி அலமாரி வேண்டாம். துலக்கியதை எல்லாவற்றுக்கும் ஒரே துணியால் துடைப்பதைவிட, வெயிலில் கவிழ்த்துக் காயவிடுவது மேல். தேய்க்கும் நாரையும் காய வையுங்கள். நாள் முழுவதும் ஈரத்தில் ஊறிக்கொண்டு கிடக்கும் நாரில் கிருமிகள் பெருகும்.

கொல்லைப்புறத்தில் ஒரே குழாய் உள்ள வீடுகளில் இன்னொரு சங்கடம். நோயாளியின் மலம் பட்ட துணியை அலசுவதும் அங்கேதான். பாத்திரம் துலக்குவதும் அங்கேதான். இரண்டுக்கும் இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் பாத்திரத்தை முதலில் முடித்துவிட்டுத் துணிக்குப் போகலாம். அதன் பிறகு சோப்பினால் கையைக் கழுவாமல் சமையலில் கை வைக்கக் கூடாது.

வீட்டு வேலைக்குப் பெண் வருகிறாள் என்றால், நோயை அவளிடம் மறைப்பது அநியாயம். அவளுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. எந்தப் பாத்திரம், என்ன நோய் என்று சொல்லுங்கள். கை கழுவ நல்ல சோப்பும் வைத்துக் கொடுங்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது காய்கறியையும் பால் பாக்கெட்டையும்கூடக் கழுவினோம். அந்த நோய் முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது, பொருள்களைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. சளிக்காய்ச்சல் உள்ளவரின் தம்ளரில் மற்றவர் அப்படியே குடிக்கக் கூடாது. சோப்புப் போட்டுத் துலக்கினால் அந்தப் பயமும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியை இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை.